ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சமயம் மாறியிருந்தால் அரசராகியிருப்பாரா?

வாசகர் வினா | 3 பிப்ரவரி 2024

இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருடைய மகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்தால் அரியணையை இழந்து, 77 வயது வரை அயல்நாடுகளில் வாழ்ந்து ரோமில் இறந்தார் என்று படித்தேன். புராட்டஸ்டன்ட் பிரிவான ஆங்கிலத் திருச்சபையில் சேர்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகுடம் கிடைத்திருக்கும். அவருடைய கொள்ளுத்தாத்தாவான பிரான்சின் நான்காம் ஹென்றி 1593இல் சமயம் மாறித்தானே பாரிஸைப் பெற்றார்? இவர் செய்ததைக் கொள்கை உறுதி என்பதா, வெறும் பிடிவாதம் என்பதா?

குறிப்பு | 3 பிப்ரவரி, இரவு

தீர்ப்பளிப்பதற்கு முன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்.

1688 ஜூன் 10 அன்று லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் அவர் பிறந்தபோதே சிக்கல் தொடங்கிவிட்டது. தந்தை கத்தோலிக்கராக மாறியவர்; தாய் மொடேனாவின் மேரி பிறவிக் கத்தோலிக்கர். ஆயினும் அரசருடைய முதல் மனைவிக்குப் பிறந்த மேரி, ஆன் என்ற இரு புராட்டஸ்டன்ட் மகள்களே வாரிசுகளாக இருந்ததால், இவர் காலத்தோடு இது முடிந்துவிடும் என்று நாடு பொறுத்துக்கொண்டிருந்தது. ஆண் குழந்தை பிறந்ததும் அந்தப் பொறுமை தீர்ந்தது. மூத்த மகளின் கணவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் நவம்பர் 5 அன்று டோர்பே கரையில் படையோடு இறங்கினார். டிசம்பரில் அரசி சலவைக்காரி வேடமிட்டு, ஆறு மாதக் குழந்தையை எடுத்துக்கொண்டு இரவில் தேம்ஸ் நதியைக் கடந்து பிரான்சுக்குத் தப்பினார். பதினான்காம் லூயி அவர்களுக்குப் பாரிஸை அடுத்த சான் ஜெர்மேன் ஆன் லே கோட்டையைக் கொடுத்தார்.

அங்கே வளர்ந்த சிறுவனுக்கு 13 வயதானபோது, 1701 ஜூன் மாதத்தில், லண்டன் நாடாளுமன்றம் கத்தோலிக்கர் எவரும் அரியணை ஏற முடியாது என்று வாரிசுரிமைச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை இறந்தார். சமயத்தை எதற்காகவும் கைவிடாதே என்பது மரணப் படுக்கையில் அவர் மகனுக்குச் சொன்ன அறிவுரை. லூயி அந்தச் சிறுவனை மூன்றாம் ஜேம்ஸ் மன்னர் என்று அறிவித்தார். ஆக, அவருக்கு மீசை முளைக்கும் முன்பே இரு தரப்பாரும் முடிவெடுத்துவிட்டார்கள். பிடிவாதம் என்றால், அது இவர் பிறக்கும் முன்பே இருபுறமும் இருந்தது.

குறிப்பு | 4 பிப்ரவரி

சூட்டுச்சட்டிக் கதையை ஏன் விட்டுவிட்டேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அரசிக்குக் குழந்தையே பிறக்கவில்லை, யாரோ பெற்ற பிள்ளையைப் படுக்கையைச் சூடேற்றும் தணல் சட்டிக்குள் வைத்து அறைக்குள் கடத்தி வந்தார்கள் என்ற வதந்திதான் அது. பிரசவ அறை அரசவைப் பிரமுகர்களால் நிரம்பியிருந்தது. அக்டோபரில் அரசரே தம் ஆலோசனைக் குழுவின் முன் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைப் பதிவு செய்ய வைத்தார். நம்ப விரும்பாதவர்கள் நம்பவில்லை. அக்காள் ஆன் அந்த நேரத்தில் பாத் நகருக்குப் போயிருந்தார், பிறகு வசதியாகச் சந்தேகப்பட்டார். ஜூன் மாதத்தில் படுக்கையைச் சூடேற்றச் சட்டி எதற்கு என்று யாராவது கேட்டிருக்கலாம்.

குறிப்பு | 6 பிப்ரவரி

இப்போது வினாவின் மையத்துக்கு வருகிறேன். சமயம் மாறினால் மகுடம் என்ற பேரம் மெய்யாகவே ஒரு முறை அவர் முன் வைக்கப்பட்டது. அது 1714இன் தொடக்கம். 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி பிரான்ஸ் அவரை வெளியேற்ற வேண்டியிருந்ததால், அவர் லோரேன் நாட்டின் பார் லெ டூக் நகரில் தங்கியிருந்தார். லண்டனில், வில்லியத்துக்கும் மேரிக்கும் பின் அரசியாகியிருந்த அக்காள் ஆன் நோயுற்றிருந்தார். அவருடைய பிள்ளைகள் ஒருவரும் உயிரோடு இல்லை. அவருக்குப் பின் சட்டப்படி அரியணை ஹனோவர் குடும்பத்துக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தை அடைவதற்கு, இரத்த உறவில் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஆன் அரசியின் அமைச்சர்களான ஹார்லியும் போலிங்புரோக்கும், கோல்த்தியே என்ற பிரெஞ்சுக் குருவின் வழியாக, சமயத்தை மாற்றிக்கொள்ளுமாறு ஜேம்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாறாவிட்டாலும் மாறியதாகக் காட்டிக்கொண்டால் போதும் என்ற தொனியும் அதில் இருந்தது.

மார்ச் மாதத்தில் அவர் மறுத்துவிட்டார். எல்லோருக்கும் சமய விடுதலை தருவேன், ஆங்கிலத் திருச்சபையைப் பாதுகாப்பேன், என் மனச்சான்றை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்பதே அவருடைய நிலைப்பாடு. ஆகஸ்ட் 1 அன்று ஆன் இறந்தார். முதலாம் ஜார்ஜ் எவ்விதக் கலவரமும் இன்றி அரசரானார்.

நான்காம் ஹென்றியோடு ஒப்பிடுவது கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. ஹென்றி சமயம் மாறியபோது அவரிடம் வெற்றி கண்ட ஒரு படை இருந்தது, நாட்டின் பெரும்பகுதி இருந்தது, முற்றுகைகளால் களைத்துப்போன எதிரிகள் இருந்தார்கள். அவர் சமயம் மாறியது எதிரிகள் மானத்தோடு சரணடைய ஒரு வாசலைத் திறந்துவிட்டது. ஜேம்ஸிடம் கடன்களும், கடிதம் எழுதும் செயலாளர்களும் மட்டுமே இருந்தார்கள். அவர் மாறியிருந்தால் ஹார்லியும் போலிங்புரோக்கும் சொன்னதைச் செய்திருப்பார்களா? அந்த இருவரும் ஒருவரையொருவர் கவிழ்ப்பதில்தான் அப்போது மும்முரமாக இருந்தார்கள். ஆன் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஹார்லி பதவியிழந்தார். அடுத்த ஆண்டு போலிங்புரோக் பிரான்சுக்கு ஓடினார். தங்களையே காத்துக்கொள்ள முடியாதவர்கள் இன்னொருவருக்கு மகுடம் சூட்டியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

குறிப்பு | 6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நான் அரசரின் மகன், ஆகவே நாடாளுமன்றம் என்ன சொன்னாலும் நானே அரசன் என்பதுதான் அவருடைய வாதம் முழுவதும். நாடாளுமன்றம் வைத்த நிபந்தனையை நிறைவேற்றி அரியணை ஏறினால், நிபந்தனை வைக்க அதற்கு உரிமை உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு தந்தையை 1688இல் நீக்கியதும் சரி என்றாகும். அவர் அடைய நினைத்த இடத்துக்குச் செல்லும் வழியில் அவருடைய உரிமையே அழிந்துபோயிருக்கும்.

குறிப்பு | 9 பிப்ரவரி

"மனச்சான்று என்பது ஏழைகளுக்கு, அரசர்களுக்கு அல்ல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் உறவினர் ஒருவர் காதலித்த பெண்ணை மணப்பதற்காக அவசர அவசரமாகச் சமயம் மாறினார். பெண் வீட்டார் அவரைக் கடைசி வரை முழுதாக நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களோ அதற்குப் பின் அவரிடம் பணம் கொடுத்து வைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். திருமணம் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் மூன்று நாடுகளின் மக்களிடம் வாக்குறுதிகளை நம்பச் சொல்லிக் கேட்கும் ஒருவர், தமது முதல் வாக்குறுதியாகவே ஒரு நடிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தக் குடும்பக் கதையை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. ஜேம்ஸ் இதை அறிந்தே இருந்தார் என்று கருதுகிறேன்.

குறிப்பு | 11 பிப்ரவரி

தோல்விகள் அனைத்தையும் சமயத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. 1708இல் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கப்பற்படை ஸ்காட்லாந்துக்குப் புறப்படவிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்து இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அங்கே கசப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து 19 வயது ஜேம்ஸுக்குத் தட்டம்மை வந்தது. தாமதமாகக் கிளம்பிய கப்பல்கள் ஃபோர்த் கழிமுகத்தை அடைந்தபோது ஆங்கிலத் தளபதி பிங் பின்னாலேயே வந்துவிட்டார். என்னைத் தனியாகவாவது கரையில் இறக்கிவிடுங்கள் என்று ஜேம்ஸ் மன்றாடியும், பிரெஞ்சுத் தளபதி ஃபோர்பேன் மறுத்துவிட்டார். எனக்கு இந்த வாழ்க்கையில் மிக உறுத்துவது இந்தக் கட்டம்தான். பார்வைக்கு எட்டிய தூரத்தில் தன் நாடு இருக்க, இறங்குவதற்குப் பிறர் அனுமதி வேண்டி நின்றிருக்கிறார்.

கோழை என்று அவரை எழுதுபவர்கள், அதே ஆண்டில் ஊடனார்டிலும் அடுத்த ஆண்டில் மால்ப்ளாக்கேயிலும் பிரெஞ்சுப் படையோடு நின்று அவர் போரிட்டதைச் சொல்வதில்லை. தம்மை நாட்டுக்கு அழைக்க வேண்டிய ஆங்கிலேயர்களுக்கு எதிராகவே அங்கே வாளெடுத்தார் என்பது வேறு விஷயம்.

1715 இன்னும் மோசம். மார் பிரபு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பிரேமாரில் ஜேம்ஸுக்காகக் கொடியேற்றினார். ஆதரவளிக்கக்கூடிய பதினான்காம் லூயி அந்தச் செப்டம்பர் முதல் நாள்தான் இறந்திருந்தார். நவம்பரில் ஷெரிஃப்மியூரில் வெற்றியுமில்லை தோல்வியுமில்லை. அதே நேரத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டனில் ஜேம்ஸின் ஆதரவாளர்களுடைய படைப்பிரிவு சரணடைந்தது. எல்லாம் முடிந்த பிறகு, டிசம்பர் 22 அன்று, ஜேம்ஸ் பீட்டர்ஹெட்டில் வந்து இறங்கினார். காய்ச்சலில் நடுங்கியபடி, பேச்சுக் குறைந்த, சிரிக்காத ஓர் இளைஞரைக் கண்டு படைவீரர்கள் சோர்ந்துபோனார்கள். ஸ்கோனில் முடிசூட நாள் குறித்தார்கள். அது நடக்கவே இல்லை. எதிரிப்படைக்குத் தங்குமிடம் கிடைக்காதிருக்க வழியில் இருந்த ஊர்களை எரிக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். 1716 பிப்ரவரி 4 அன்று மான்ட்ரோஸில் கப்பலேறும் முன், அந்த ஊர் மக்களுக்கு இழப்பீடாகப் பணத்தை விட்டு, அதைச் சேர்ப்பிக்குமாறு எதிரித் தளபதி ஆர்கைல் பிரபுவுக்கே கடிதம் எழுதினார். அதற்குப் பின் அவர் பிரிட்டன் மண்ணை மிதிக்கவில்லை.

இந்தப் படையில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார் பிரபுவும் புராட்டஸ்டன்டே. அவர்களுக்கு அரசரின் சமயம் ஒரு தடையாக இருக்கவில்லை.

குறிப்பு | 12 பிப்ரவரி

ஒரு வாசகர் தந்த கணக்கு: 1701 முதல் 1766 வரை 64 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தம்மை அரசர் என்று சொல்லிக்கொண்டார், விக்டோரியாவின் ஆட்சியைவிட இது நீளம். கணக்கு சரி.

குறிப்பு | 15 பிப்ரவரி

அவர் வெறியரா என்ற கேள்விக்கு அவருடைய திருமணம் விடை தருகிறது. வியன்னாவைக் காத்த போலந்து மன்னர் சோபியெஸ்கியின் பேத்தி கிளெமென்டினாவை மணம் பேசினார்கள். பிரிட்டனின் வற்புறுத்தலால் புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் பெண்ணை 1718இல் இன்ஸ்ப்ரூக்கில் தடுத்து வைத்தார். சார்லஸ் வோகன் என்ற ஐரிஷ் வீரர் சில துணைவர்களோடு சென்று, வேலைக்காரப் பெண் ஒருத்தியை இளவரசியின் இடத்தில் விட்டுவிட்டு, 1719 ஏப்ரலில் அவரை மீட்டு வந்தார். இவ்வளவு சாகசத்துக்குப் பின் நடந்த திருமணம் ஆறாண்டுகளில் கசந்தது.

காரணங்களில் ஒன்றுதான் இந்த இழைக்கு முக்கியம். மூத்த மகன் சார்லஸின் வளர்ப்புப் பொறுப்பை ஜேம்ஸ் ஒரு புராட்டஸ்டன்டான ஜேம்ஸ் மர்ரேயிடம் ஒப்படைத்தார். பிள்ளை பிரிட்டனை ஆள வேண்டுமானால் அந்த நாட்டின் பெரும்பான்மைச் சமயத்தை அஞ்சாமல் பழக வேண்டும் என்று அவர் எண்ணினார். கிளெமென்டினா 1725 நவம்பரில் வீட்டைவிட்டு வெளியேறி, ரோமின் டிராஸ்டெவரே பகுதியில் உள்ள புனித செசிலியா கன்னியர் மடத்துக்குப் போய்விட்டார். பாப்பரசர் பதின்மூன்றாம் பெனடிக்ட் மனைவியின் பக்கம் சாய்ந்தார். லண்டனில் மிதமிஞ்சிய கத்தோலிக்கர் என்று விரட்டப்பட்டவர், ரோமில் போதிய கத்தோலிக்கர் அல்லர் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். மனம் வெறுத்து அரசவையையே பொலோனாவுக்கு மாற்றிக்கொண்டு போனார். கிளெமென்டினா 1727இல் திரும்பி வந்தார். நோன்பாலும் ஒறுத்தலாலும் உடல் நைந்து 1735இல், 32 வயதில், இறந்தார்.

ரோமில் அவர் வாழ்ந்த முத்தி மாளிகையில் புராட்டஸ்டன்ட் ஊழியர்களுக்காக ஆங்கிலத் திருச்சபை வழிபாடு நடத்த அனுமதி பெற்றிருந்தார். பாப்பரசரின் நகரத்தில், பாப்பரசரின் உதவித்தொகையில் வாழ்ந்த ஒருவரின் வீட்டில் இது நடந்தது. கெஸ்டியஸ் பிரமிடுக்கு அருகில் இன்றுள்ள கத்தோலிக்கர் அல்லாதோர் கல்லறைத் தோட்டமும் இந்த அரசவையின் புராட்டஸ்டன்டுகளைப் புதைக்கக் கிடைத்த அனுமதியிலிருந்து வளர்ந்ததே.

குறிப்பு | 18 பிப்ரவரி

அவரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அயர்லாந்தை நினைத்தால் என் பரிவு குறைகிறது. அங்கே கத்தோலிக்க ஆயர்களைப் பெயர் குறித்து முன்மொழியும் உரிமையைப் பாப்பரசர்கள் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்; ஏறக்குறைய அவர் இறக்கும் வரை அது நீடித்தது. அவர் கையில் மிஞ்சிய ஒரே மெய்யான அரச அதிகாரம் இதுதான் என்பதால் அவர் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார். விளைவு என்ன? ஒவ்வோர் ஐரிஷ் ஆயரும் நாடுகடந்த எதிரி அரசரால் நியமிக்கப்பட்டவர் என்று லண்டன் சொல்ல முடிந்தது. கத்தோலிக்கர்களை நிலவுரிமையிலிருந்தும் பதவிகளிலிருந்தும் விலக்கிய தண்டச் சட்டங்களுக்கு அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட சாக்காயிற்று. மனச்சான்றின் விலையை அவர் மட்டும் கொடுத்திருந்தால் அதைப் பாராட்டலாம். முகம் காணாத உழவர்களும் சேர்ந்து கொடுத்தார்கள்.

கர்தினால்களையும் அவர் முன்மொழிந்தார்: பொலின்யாக்கும் டென்சினும் அப்படிச் சிவப்புத் தொப்பி பெற்றவர்கள். லண்டனில் ஒரு காவலரை நியமிக்க முடியாதவர் ரோமில் கர்தினாலை உருவாக்க முடிந்தது.

குறிப்பு | 18 பிப்ரவரி, இரவு

ரோமில் அவரை லண்டன் உளவு பார்த்ததா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், பார்த்தது. ஸ்டோஷ் என்ற பழம்பொருள் சேகரிப்பாளர் ஜான் வால்டன் என்ற பொய்ப்பெயரில் அந்த வீட்டு நடமாட்டங்களை லண்டனுக்கு எழுதிப் பணம் பெற்றார். 1731இல் ரோமைவிட்டு ஓட நேர்ந்தபின் புளோரன்சிலிருந்து எழுதினார். நாணயங்களைப் பற்றியும் அரசரின் செரிமானத்தைப் பற்றியும் ஒரே அக்கறையோடு எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

குறிப்பு | 22 பிப்ரவரி

"மாறியிருந்தால்" என்ற வினாவுக்கு ஊகமாக விடை தேட வேண்டியதில்லை; அவருடைய மூத்த மகனே அதைச் செய்து பார்த்துவிட்டார்.

சார்லஸ் 1745 ஜூலையில் தந்தையின் அரியணையை மீட்க ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவில் இறங்கி, எடின்பரோவைப் பிடித்து, டெர்பி வரை சென்று, 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடனில் எல்லாவற்றையும் இழந்தார். அடுத்த ஆண்டு இளைய மகன் ஹென்றி, 22 வயதில், கர்தினாலானார். ஜேம்ஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார். சார்லஸிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டூவர்ட் என்றால் ரோம் என்று பகைவர்கள் அறுபது ஆண்டுகளாகச் சொன்னதற்கு வீட்டுக்குள்ளிருந்தே முத்திரை குத்தியாயிற்று. சார்லஸ் 1744இல் ரோமைவிட்டுப் புறப்பட்டவர். தந்தை உயிரோடிருந்தவரை திரும்பவே இல்லை.

1750இல் சார்லஸ் மாறுவேடத்தில் லண்டனுக்குச் சென்று ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். தந்தை மறுத்த அந்த ஒரு வார்த்தையை மகன் சொல்லிவிட்டார். என்ன நடந்தது? எதுவும் நடக்கவில்லை. ஒரு படைப்பிரிவும் கலகம் செய்யவில்லை, ஒரு பிரபுவும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. படையும் பணமும் பிரெஞ்சுக் கப்பல்களும் இல்லாதவரின் சமயம் எதுவாக இருந்தாலும் யாருக்கும் பொருட்டில்லை என்பது அப்போது தெரிந்தது. 1766 ஜனவரி 1 அன்று ஜேம்ஸ் இறந்ததும், பாப்பரசர் பதின்மூன்றாம் கிளமென்ட் சார்லஸை அரசராக ஏற்க மறுத்தார்.

1714இல் நிலைமை வேறு, 1750இல் காலம் கடந்துவிட்டது என்று ஒருவர் மறுத்துள்ளார். ஏற்கிறேன். 1714இல் ஜேம்ஸ் மாறியிருந்தால் ஆன் இறந்த வாரத்தில் ஹார்லி, போலிங்புரோக்கின் கட்சியான டோரிகள் சிலர் துணிந்திருக்கக்கூடும். அதனால் "வாய்ப்பே இல்லை" என்ற என் தொனியைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய்ப்பு வினாவில் உள்ளதுபோல் "மகுடம் கிடைத்திருக்கும்" என்ற உறுதி அன்று.

குறிப்பு | 25 பிப்ரவரி

நம் ஊர்த் தொடர்பு ஏதேனும் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்று, அடுத்த ஆண்டு புதுச்சேரியையும் இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜேம்ஸின் தந்தைக்காகப் போரிட்டுப் பிரான்சுக்குப் பெயர்ந்த ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். 1745 எழுச்சிக்குப் பிரெஞ்சு உதவி அனுப்பும் திட்டங்களில் முனைந்து நின்றவர். ஆங்கிலேயர் மீது அவருக்கிருந்த பகை குடும்பச் சொத்து. ஜேம்ஸ் ரோமில் இறந்த அதே 1766இன் மே மாதத்தில் பாரிஸில் லாலியின் தலையை வெட்டினார்கள்.

குறிப்பு | 2 மார்ச்

புனித பேதுரு பேராலயத்தில் ஸ்டூவர்ட் நினைவுச்சின்னத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வழிகாட்டி அதைக் கடந்து விரைந்துகொண்டிருந்தார். சிற்பி கனோவாவின் பெயரைக் கேட்டுத்தான் நின்றேன். மூடிய கதவு, இருபுறமும் தலைகவிழ்ந்த இரு வானதூதர்கள், மேலே தந்தை, இரு மகன்களின் முகங்கள். 1819இல் முடிந்த அந்த வேலைக்கு, பிறகு நான்காம் ஜார்ஜ் ஆன ஹனோவர் இளவரசரும் பணம் கொடுத்தார். எதிரே கிளெமென்டினாவின் நினைவுச்சின்னம். பியெத்ரோ பிராச்சியின் கைவேலை. கணவரிடமிருந்து மடத்துக்கு ஓடிய பெண்ணை நிரந்தரமாக அவருக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. வென்றவர்கள் நன்கொடை தரும் அளவுக்குத் தோற்றவர்கள் தீங்கற்றவர்களாகிவிட்டார்கள் என்ற எண்ணம் ஊர் திரும்பிய பிறகே வந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகளால் செல்வத்தை இழந்த கர்தினால் ஹென்றிக்கு மூன்றாம் ஜார்ஜ் 1800 முதல் ஆண்டுக்கு 4,000 பவுண்டு கொடுத்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

குறிப்பு | 5 மார்ச்

கடைசியாக வந்த கேள்வி: இன்று அந்த உரிமை யாரிடம்? ஹென்றி 1807இல் வாரிசின்றி இறந்தபின் அது சவாய் குடும்பத்துக்கும், பிறகு மொடேனாவுக்கும், அங்கிருந்து பவேரியாவுக்கும் போனது. இன்று பட்டியலில் முதலில் நிற்பவர் 1933இல் பிறந்த பவேரியக் கோமகன் ஃபிரான்ஸ். சிறுவயதில் குடும்பத்தோடு நாஜி வதை முகாம்களில் அடைபட்டிருந்தவர், கத்தோலிக்கர். அவர் எதையும் கோரவில்லை. பிரிட்டனில் 2013இல் இயற்றிய சட்டம், கத்தோலிக்கரை மணப்பவர் அரியணை ஏறலாம் என்று தளர்த்தியது. கத்தோலிக்கரே ஏறலாம் என்று அது சொல்லவில்லை.